பிராட்பேண்ட் வந்த பிறகு வீட்டுக் கணினிகள் ஒன்றையொன்று பார்க்கவில்லை: எங்கிருந்து தேடுவது?

நீங்கள் சொன்னதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். முன்பு மேசைக் கணினியில் மொபைல் இணையம் தரும் யூஎஸ்பி டாங்கிளைச் செருகி, அந்த இணையத்தை ஒரு ஸ்விட்ச் (பல ஒயர்களை ஒன்றாக இணைக்கும் சின்னப் பெட்டி) வழியாக லேப்டாப்புக்கும் பகிர்ந்து வந்தீர்கள். பிரிண்டரும் அதே ஸ்விட்சில். போன்களுக்காக ஒரு பழைய வைஃபை ரவுட்டர். இப்போது ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. வந்தவர்கள் ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டி, ஸ்விட்சிலிருந்து ஓர் ஒயரை அதில் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். டாங்கிளை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நீங்கள் கழற்றவில்லை.

அதன் பிறகு மேசைக் கணினியில் கேபிள் போட்டால் இணையம் இல்லை, வைஃபையில் வருகிறது. லேப்டாப் ஒரு நாள் பறக்கிறது, மறுநாள் பழைய டாங்கிள் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்கிறது. இரண்டு கணினிகளுக்கும் நடுவே பகிர்ந்திருந்த ஃபோல்டர் திறக்கவில்லை. போதாக்குறைக்கு, 300 எம்பிபிஎஸ் என்று வாங்கிய இணைப்பில் வேகச் சோதனை 94-ஐத் தாண்டமாட்டேன் என்கிறது.

கடைசியாகச் சொன்ன 94 தனிக் கதை, அதற்குப் பிறகு வருகிறேன். மற்ற எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் கணிப்பு: நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் எண் முகவரி வேண்டும், உங்கள் வீட்டில் இப்போது அந்த முகவரியைக் கொடுக்கும் சாதனங்கள் குறைந்தது இரண்டு, ஒருவேளை மூன்று.

இணைப்பு கொடுத்தவர்களுக்கு போன் போடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து அந்தப் பெட்டி வரை வரும் இணையம் வேறு, பெட்டிக்குப் பின்னால் வீட்டுக்குள் ஓடும் நெட்வொர்க் வேறு. லேப்டாப்பிலிருந்து பிரிண்டருக்குத் தாள் அனுப்ப இணையமே தேவையில்லை. ஃபைபர் அறுந்து கிடந்தாலும் அது நடக்க வேண்டும். அது நடக்கவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது, வாடிக்கையாளர் சேவையில் எத்தனை பேரிடம் பேசினாலும் தீராது. ‘பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் சார்’ என்பதற்கு மேல் அவர்களால் சொல்லவும் முடியாது, அது அவர்கள் தப்பும் இல்லை.

வெளி இணைப்பைப் பார்த்து முடிக்க ஒரு நிமிடம் போதும். பெட்டியில் ‘பான்’ என்று எழுதிய விளக்கு பச்சையில் அசையாமல் எரிய வேண்டும். ‘லாஸ்’ விளக்கு அணைந்திருக்க வேண்டும். அது சிவப்பில் மினுக்கினால் ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். அப்போது மட்டும் அவர்களைக் கூப்பிடுங்கள். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வரும் அந்த மெல்லிய ஃபைபர் ஒயரை மேசை மூலையில் மடித்து ஒடுக்காதீர்கள், கழற்றி முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்தும் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத அலைநீளத்தில் இருப்பது. உங்கள் வீட்டில் வைஃபையில் இணையம் ஒழுங்காக வருகிறது என்பதால் இந்தப் பகுதி சரியாகவே இருக்கிறது.

இனி வீட்டுக்குள். லேப்டாப்பை ஸ்விட்சில் கேபிளால் இணையுங்கள். வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எந்த வழியாகப் போகிறது என்று நமக்கே தெரியாது. கட்டளை தட்டும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ‘ஆல்’ என்று சேர்த்து என்டர் அழுத்துங்கள். பக்கம் பக்கமாக ஓடும், பயப்பட வேண்டாம். ஈதர்நெட் என்ற தலைப்புக்குக் கீழே மூன்று வரிகள் போதும்: ஐபிவி4 முகவரி (இந்தக் கணினியின் எண்), டிஃபால்ட் கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசல்), டிஎச்சிபி சர்வர் (முகவரி கொடுக்கும் சாதனம்).

மூன்றாவது வரிதான் நமக்கு வேண்டிய சாட்சி. உங்கள் கணினிக்கு முகவரி கொடுத்தது யார் என்று அது பெயர் சொல்லாமல் எண் சொல்லும். புதிய பெட்டி கொடுத்திருந்தால் அங்கே பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 இருக்கும், பெட்டியின் அடியில் ஒட்டிய தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 192.168.137.1 என்று இருந்தால் முகவரி கொடுத்தது உங்கள் மேசைக் கணினி. முகவரியே 169.254 என்று தொடங்கினால் யாருமே கொடுக்கவில்லை, கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அது பெரும்பாலும் ஒயர் அல்லது போர்ட் கோளாறு.

உங்கள் லேப்டாப்பில் மோசமான நாட்களில் 192.168.137.1 தெரியும் என்று பந்தயமே கட்டுவேன். காரணம் இதுதான். விண்டோஸில் ‘இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்’ என்றொரு வசதி உண்டு. 1999-இல் விண்டோஸ் 98-இன் இரண்டாம் பதிப்பில் வந்தது, இன்றைக்கும் இருக்கிறது. நீங்கள் டாங்கிள் இணையத்தைப் பகிரும்போது அதைத்தான் இயக்கினீர்கள். அதை இயக்கிய அடுத்த நொடி மேசைக் கணினி ஒரு குட்டி ரவுட்டராக மாறிவிடும். தன் ஈதர்நெட் போர்ட்டுக்கு 192.168.137.1 என்ற நிலையான முகவரியை வைத்துக்கொள்ளும், ஸ்விட்சில் கேட்பவர்களுக்கெல்லாம் 192.168.137 என்று தொடங்கும் முகவரிகளை வழங்கும், ‘இணையம் வேண்டுமா, என் வழியாகப் போ’ என்றும் சொல்லும்.

ஃபைபர் வந்தவுடன் இந்த வேலையிலிருந்து மேசைக் கணினியை விடுவிக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அதுவும் புதிய பெட்டியும் ஒரே ஸ்விட்சில் உட்கார்ந்து முகவரி கொடுக்கின்றன. ஒரே தெருவுக்கு இரண்டு பேர் தனித்தனியாக வீட்டு எண் எழுதிக்கொண்டே போனால் தபால் எப்படிச் சேருமோ, அப்படித்தான். லேப்டாப் விழித்தெழுந்து ‘எனக்கு ஒரு முகவரி’ என்று ஸ்விட்ச் முழுவதும் கேட்கும். யார் முதலில் பதில் சொன்னாலும் வாங்கிக்கொள்ளும். புதிய பெட்டி முந்தினால் பறக்கிறது. மேசைக் கணினி முந்தினால் போக்குவரத்து முழுக்க டாங்கிள் வழியாகப் போகிறது. ‘டாங்கிள் வேகத்துக்கு வந்துவிடுகிறது’ என்று எழுதியிருந்தீர்களே, அது உவமை இல்லை, உள்ளபடியே டாங்கிளில்தான் போகிறது. அதோடு ஒருமுறை வாங்கிய முகவரியை லேப்டாப் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே கேட்கும். அதனால்தான் பிழை நாள் கணக்கில் ஒரே மாதிரி நீடித்து, பிறகு திடீரென்று மாறுகிறது.

மேசைக் கணினியில் கேபிளில் இணையம் வராததற்கும் இதே விளக்கம்தான். அதன் ஈதர்நெட் போர்ட் 192.168.137.1 என்று தன்னையே தலைவராக நினைத்துக்கொண்டிருக்கிறது. புதிய பெட்டியிடம் அது முகவரி கேட்கவே கேட்காது. வைஃபையில் அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால் வருகிறது.

சரி, தீர்வு. மேசைக் கணினியில் கண்ட்ரோல் பேனல் வழியாக நெட்வொர்க் அடாப்டர்கள் பட்டியலைத் திறங்கள். டாங்கிளின் இணைப்பில் வலது சொடுக்கி பிராப்பர்டீஸ், அதில் ‘ஷேரிங்’ என்ற தாவல். ‘மற்றவர்கள் இந்த இணைப்பைப் பயன்படுத்தலாம்’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். இத்தோடு முடிந்தது என்று எழுந்துவிட வேண்டாம். ஈதர்நெட் அடாப்டரின் பிராப்பர்டீஸில் ஐபி பதிப்பு 4-ஐத் திறந்து பாருங்கள். சில சமயம் பகிர்வை நிறுத்திய பிறகும் 192.168.137.1 அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். முகவரி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) இரண்டையும் ‘தானாகப் பெறு’ என்பதற்கு மாற்றுங்கள். லேப்டாப்பிலும் இதே இடத்தைப் பார்த்துவிடுங்கள், பழைய காலத்தில் யாராவது கையால் ஒரு முகவரியைப் போட்டுவைத்திருக்கலாம்.

இதற்குப் பிறகு எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துவிட்டு வரிசையாகப் போடுங்கள். முதலில் ஃபைபர் பெட்டி, அதன் விளக்குகள் நிலைத்ததும் ஸ்விட்ச், அப்புறம் கணினிகளும் பிரிண்டரும். மறுபடி ஐபிகான்ஃபிக். இரண்டு கணினிகளிலும் முகவரியின் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்க வேண்டும், கடைசி எண் வேறாக இருக்க வேண்டும், கேட்வே இரண்டிலும் புதிய பெட்டியாக இருக்க வேண்டும். இது அமையாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். பிரிண்டரை நோண்டுவதும் ஃபயர்வாலை அணைப்பதும் விண்டோஸைத் திரும்பப் போடுவதும் முகவரி சரியாக இல்லாத வீட்டில் வீண் வேலை.

இப்போது அந்தப் பழைய வைஃபை ரவுட்டர். அது எந்தப் போர்ட்டில் இணைந்திருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை, அதைப் பொறுத்து நோய் மாறும். வெளி இணைப்புக்கென்று தனித்து நிற்கும் ‘வான்’ போர்ட்டில், பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் அதில், புதிய பெட்டியின் ஒயர் செருகப்பட்டிருந்தால் வீட்டுக்குள் ஒரு வீடு உருவாகிவிடுகிறது. அந்த வைஃபையில் இருக்கும் போனில் யூடியூப் ஓடும், ஆனால் பிரிண்டரைத் தேடினால் கிடைக்காது. தேடும் குரல் உள் ரவுட்டரைத் தாண்டி வெளியே போகாது. இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 என்று ஒரே எண்ணை வைத்திருந்தால் இணையமே நின்றுவிடும், ஏனென்றால் உள்ளும் வெளியும் ஒரே முகவரி வரிசை என்றால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது. மாறாக, பழைய ரவுட்டரில் வீட்டுச் சாதனங்களுக்கான ‘லான்’ போர்ட்டில் ஒயர் இருந்தால் அதுவும் ஸ்விட்சில் முகவரி கொடுக்கும் மூன்றாவது ஆளாக இருக்கலாம்.

எப்படி இருந்தாலும் மருந்து ஒன்றுதான்: அதை ரவுட்டர் வேலையிலிருந்து எடுத்து, வெறும் வைஃபை கொடுக்கும் சாதனமாக ஆக்குவது. செட்டிங்கில் ‘அக்சஸ் பாயிண்ட் மோட்’ என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டும். பழைய ரவுட்டரை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்து, லேப்டாப்பை மட்டும் அதன் லான் போர்ட்டில் இணையுங்கள். பிரவுசரில் அதன் பக்கத்தைத் திறந்து முதலில் அதன் சொந்த முகவரியை மாற்றுங்கள். புதிய பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுக்கலாம். புதிய பெட்டி மற்றவர்களுக்கு வழங்கும் எண்களின் வரம்புக்குள் அந்த 2 வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சேமித்ததும் பக்கம் செத்துப்போனது போலத் தெரியும். புதிய முகவரியைத் தட்டி மறுபடி உள்ளே போங்கள். இப்போது டிஎச்சிபி சர்வரை அணையுங்கள். இந்த வரிசையை மாற்றி டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் போய், உள்ளே திரும்ப நுழைவது தலைவலியாகிவிடும். எல்லாம் முடிந்த பிறகு ஸ்விட்சிலிருந்து வரும் ஒயரை அதன் லான் போர்ட்டில் செருகுங்கள், வான் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் புதிய பெட்டியிலும் அப்படியே வைக்கலாமா என்றால், வைக்கலாம், நல்ல யோசனை. போன், டிவி எதையும் தொடாமலே எல்லாம் இணைந்துகொள்ளும். ஆனால் மேலே சொன்ன மாற்றத்தைச் செய்து முடித்த பிறகு மட்டும். அதற்கு முன் ஒரே பெயரில் இரண்டு வைஃபை இருந்தால் எது எதில் ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

முகவரிகள் ஒழுங்கானதும் ஃபோல்டர் பகிர்வுக்கு வருவோம். இங்கே இரண்டு தடைகள் இருக்கும். முதலாவது பலருக்கும் தெரியாதது. ரவுட்டர் மாறினால் விண்டோஸ் அதைப் புத்தம் புதிய இடமாக நினைக்கும். நீங்கள் ரயில் நிலையத்து வைஃபையில் உட்கார்ந்திருக்கிறீர்களா வீட்டில் இருக்கிறீர்களா என்று அதற்குத் தெரியாது, அதனால் பாதுகாப்பான பக்கம் நின்று ‘பப்ளிக்’ என்று முடிவு செய்துவிடும். பப்ளிக் என்றால் இந்தக் கணினி மற்றவர்கள் கண்ணில் படாது, பகிர்வுக் கோரிக்கைகளை ஃபயர்வால் திருப்பி அனுப்பிவிடும். பழைய இணைப்பில் எப்போதோ ‘பிரைவேட்’ என்று நீங்கள் சொல்லியிருந்தது புதிய பெட்டிக்குச் செல்லாது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இப்போதைய இணைப்பின் பிராப்பர்டீஸில் ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். இரண்டு கணினிகளிலும் செய்ய வேண்டும், கேபிளுக்கும் வைஃபைக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இதற்காக ஃபயர்வாலையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். வேண்டாம். ஒரு சொடுக்கில் முடியும் வேலைக்குக் கதவையே கழற்றிவைப்பானேன்?

இரண்டாவது தடை உங்கள் லேப்டாப்பில் உள்ள குறுக்குவழி. மேசைக் கணினியின் ஃபோல்டரை ஒரு டிரைவ் போல மாட்டி வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அது 192.168.137.1 என்ற எண்ணை நோக்கி மாட்டப்பட்டிருந்தால் இனி அந்த முகவரியில் யாரும் இல்லை. அதைக் கழற்றிவிட்டு, எண்ணுக்குப் பதில் கணினியின் பெயரைக் கொண்டு மறுபடி மாட்டுங்கள். இரண்டு பின்சாய்கோடு, மேசைக் கணினியின் பெயர், மறுபடி ஒரு பின்சாய்கோடு, ஃபோல்டர் பெயர். இனி முகவரி மாறினாலும் பெயர் மாறாது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்டால் மேசைக் கணினியில் நீங்கள் உள்நுழையும் கணக்கைக் கொடுங்கள். கடவுச்சொல்லே இல்லாத பகிர்வைப் புதிய விண்டோஸ் பதிப்புகள் ஏற்க மறுக்கின்றன, அதனால் அந்தக் கணக்குக்கு ஒரு கடவுச்சொல் வைத்துவிடுவது நல்லது.

ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு ‘பிங்’ (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அடித்துப் பார்த்து, பதில் வரவில்லை என்று கலங்க வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமாகவே பிங்குக்குப் பதில் சொல்லாது. பிங் அடிப்பதென்றால் கேட்வேக்கு அடியுங்கள். அது பதில் சொன்னால் வீட்டு ஒயர் சரி. அடுத்து 8.8.8.8-க்கு அடியுங்கள், அது கூகுளின் டிஎன்எஸ் சர்வர். அதுவும் பதில் சொல்லி, ஆனால் பிரவுசரில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்தான் கோளாறு. அடாப்டரில் யாரோ கையால் போட்ட பழைய டிஎன்எஸ் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு வைஃபையில் எல்லாம் திறப்பதால் இது தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

பழைய நெட்வொர்க் ஹார்ட் டிஸ்க் ஏதாவது வைத்திருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அது எஸ்எம்பி1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையை மட்டும் பேசுவதாக இருக்கலாம். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது முன்னிருப்பாக நிறுவப்படுவதில்லை. அதே ஆண்டு மே மாதம் வானாக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் கணினிக்குக் கணினி பரவியது அந்த எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான். அதைத் திரும்ப இயக்கும் வழி இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், ஆனால் நான் சொல்லித்தர மாட்டேன். டிஸ்க்கின் மென்பொருளைப் புதுப்பிக்க முடிகிறதா பாருங்கள், முடியாவிட்டால் தகவலை எடுத்துக்கொண்டு டிஸ்க்கை ஓய்வுக்கு அனுப்புங்கள்.

பிரிண்டர் விஷயமும் முகவரி விஷயம்தான். நீங்கள் முதன்முதலில் நிறுவியபோது பிரிண்டருக்கு 192.168.137 வரிசையில் ஒரு முகவரி இருந்தது, விண்டோஸ் அந்த எண்ணைப் பிரிண்டரின் போர்ட்டாகக் குறித்துவைத்துக்கொண்டது. இப்போது பிரிண்டர் புதிய பெட்டியிடம் வேறு முகவரி வாங்கிவிட்டது. விண்டோஸ் பழைய வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்கிறது, யாரும் திறக்காததால் ‘ஆஃப்லைன்’ என்கிறது. பிரிண்டரின் சின்னத் திரையிலோ, அது அச்சிட்டுத் தரும் நெட்வொர்க் அறிக்கையிலோ இப்போதைய முகவரியைப் பாருங்கள். அங்கேயும் 192.168.137 என்றே இருந்தால் பிரிண்டரில் முகவரி கையால் போடப்பட்டிருக்கிறது, அதைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். அப்புறம் விண்டோஸில் பிரிண்டரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பதே சுலபம்.

நீக்கிச் சேர்ப்பதற்கு முன் ஒரு வேலை செய்துவிட்டால் மறுபடி இந்தத் தொல்லை வராது. புதிய பெட்டியின் செட்டிங் பக்கத்தில் டிஎச்சிபி பகுதியில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்றோ ‘ஸ்டாடிக் லீஸ்’ என்றோ இருக்கும். பிரிண்டரின் மேக் முகவரியை (தயாரிப்பிலேயே அதற்கு வைத்த அடையாள எண்) அங்கே எழுதி, ஒரு நிலையான எண்ணை ஒதுக்கிவிடுங்கள். பிரிண்டரிலேயே போய்க் கையால் முகவரி போடுவதைவிட இது மேல். எல்லா முகவரியும் ஒரே இடத்தில் இருக்கும், நாளைக்குப் பெட்டி மாறினாலும் பிரிண்டர் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு அடம் பிடிக்காது.

இனி அந்த 94. இந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்கு நிம்மதி, ஏனென்றால் இது தற்செயலாக வராது. ஈதர்நெட் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கும்போது வேகச் சோதனை காட்டும் எண்தான் 94 அல்லது 95. ஒயரில் போகும் ஒவ்வொரு 1538 பைட்டிலும் நமக்குப் பயன்படும் தரவு சுமார் 1460 பைட், மிச்சம் தலைப்புகளும் இடைவெளியும். ஆக நூறில் தொண்ணூற்று நான்கு, ஐந்துதான் கைக்கு வரும். ஃபைபர் 300 கொடுக்கிறது, உங்கள் வீட்டு ஒயர் 100-க்கு மேல் வாங்க மறுக்கிறது.

சந்தேகப் பட்டியலில் முதலில் அந்தச் சின்ன ஸ்விட்ச். அதன் அடியில் ‘10/100’ என்று மட்டும் எழுதியிருந்தால் குற்றவாளி அதுவே, ‘10/100/1000’ என்று எழுதிய ஒன்றை வாங்கி மாற்றுங்கள். ஸ்விட்ச் புதியதாக இருந்தால் ஒயர். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு உள்ளே இருக்கும் 8 கம்பிகளில் 4 போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். பழைய ஒயரில் ஒரே ஒரு கம்பி விட்டுப்போயிருந்தாலும் இரு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டு 100-க்கு இறங்கிக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது, எல்லாம் நன்றாக வேலை செய்வது போலவே இருக்கும். லேப்டாப்பைப் பெட்டியுடன் வந்த புது ஒயரால் பெட்டியிலேயே நேரடியாகச் செருகி, அடாப்டரின் ஸ்டேட்டஸ் ஜன்னலில் வேகம் 1.0 ஜிபிபிஎஸ் என்று வருகிறதா பாருங்கள். வந்தால் லேப்டாப் சரி, பெட்டி சரி. பிறகு ஒவ்வொரு ஒயராக மாற்றிப் பார்த்தால் எது இழுத்துப் பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். புது ஒயர் வாங்கினால் உறையில் ‘கேட் 5இ’ அல்லது ‘கேட் 6’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். 100 மீட்டர் வரை ஜிகாபிட்டுக்கு 5இ போதும். பழைய வைஃபை ரவுட்டரின் போர்ட்டுகளும் 100-ஆக இருக்கலாம், அப்படியானால் அதன் வைஃபையில் வரும் எவருக்கும் 94-தான் உச்சம். அதை அறை ஓரத்துப் போன்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகு ஒரு ஃபைலை இறக்கும்போது நொடிக்கு ‘37 எம்பி’ என்று காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இணைப்பை விற்பவர்கள் பிட்டில் சொல்கிறார்கள், பிரவுசர் பைட்டில் காட்டுகிறது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட், 300-ஐ எட்டால் வகுத்தால் 37.5.

வைஃபை வேகத்தைப் பற்றித் தனியாக ஒரு புராணமே எழுதலாம், இப்போது சுருக்கமாக: பக்கத்து அறைக்குள் 5 கிகாஹெர்ட்ஸ், சுவர்களைத் தாண்டி 2.4. பின்னதில் ஒன்றையொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான், அவற்றில் அக்கம்பக்கத்தில் குறைவாகப் பயன்படும் ஒன்றை வையுங்கள். கெஸ்ட் வைஃபையில் இணைந்த போன் பிரிண்டரைப் பார்க்காது. அது கோளாறு இல்லை, அதற்காகத்தான் கெஸ்ட்.

ஒரு சிக்கல் உங்களுக்கு இன்னும் வரவில்லை, பின்னால் வந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்று சொல்கிறேன். சில தளங்கள் சட்டென்று திறக்கும், சில பாதி வந்து அப்படியே தொங்கும், பிங் மட்டும் ஒழுங்காக வரும். பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் பிபிபிஓஇ முறையில் ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் அதற்கே போய்விடும், அதனால் 1500-க்குப் பதில் 1492 பைட்தான் போக முடியும். ரவுட்டரில் எம்டியூ, அதாவது பொட்டலத்தின் உச்ச அளவு, 1500 என்று தவறாகப் போடப்பட்டிருந்தால் பெரிய பொட்டலங்கள் வழியில் தொலையும். அதை 1492 ஆக்கினால் சரியாகிவிடும். பெட்டியை நிறுவனத்தாரே அமைத்துக் கொடுத்திருந்தால் இது அநேகமாக வராது, நீங்களே வேறு ரவுட்டரை வைத்து இணைக்கும்போதுதான் வரும்.

டாங்கிளை என்ன செய்வது? அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேசைக் கணினியில் செருகியபடி வேண்டாம், மேசை இழுப்பறையில் இருக்கட்டும். ஃபைபர் போகும் நாளில் எந்தக் கணினிக்கு இணையம் வேண்டுமோ அதில் மட்டும் செருகி வேலையை முடியுங்கள், ஷேரிங் பக்கம் போகாதீர்கள். எல்லாருக்கும் வேண்டும் என்றால் போனில் ஹாட்ஸ்பாட் போடுவது மேல், அது தனி நெட்வொர்க்காக நிற்கும், உங்கள் ஸ்விட்சில் வந்து முகவரி கொடுக்காது.

இவ்வளவும் செய்து பார்த்த பிறகும் ஏதாவது மிச்சமிருந்தால், இரண்டு கணினிகளிலும் ஐபிகான்ஃபிக் காட்டும் அந்த மூன்று வரிகளையும், பழைய ரவுட்டரில் ஒயர் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதையும், ஸ்விட்சின் அடியில் எழுதியிருப்பதையும் எழுதி அனுப்புங்கள். புதிய பெட்டியின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘வான் ஐபி’ என்று இருக்கும் எண்ணின் முதல் இரண்டு பகுதிகள் மட்டும் போதும், முழு எண்ணைப் போட வேண்டாம். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் பல வீடுகளுக்கு ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள். இணையம் பார்க்க அதனால் தடை இல்லை. ஆனால் வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்க போர்ட் திறந்துவிடும் எண்ணம் இருந்தால் அதற்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும்.